இடது பக்கம் நாலு விரற்கடை

பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆகியும் பொன்னுத்தாயி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பஸ்ஸைப் பிடித்தால் வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போனால் உலை வைக்க வேண்டும். தலைமையாசிரியை என்று வாசலில் பலகை தொங்குகிறதே தவிர, பிள்ளைகளின் வருகையைப் போனில் ஏற்றுவதிலிருந்து கழிப்பறைக் குழாய்க்கு ஆள் பிடிப்பது வரை எல்லாம் அவள் தலையில்தான். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் கிடக்கின்றன. நினைத்தாலே முழங்கால் வலித்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"பொன்னுத்தாயி, நான் மெய்யம்மை பேசுறேன். பள்ளத்தூர்ல இருந்து."

பொன்னுத்தாயி தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். அழகுசுந்தரம் செட்டியாரின் மகள் மெய்யம்மை ஆச்சி. சென்னையோடு போனவர், எப்போதாவதுதான் பிறந்த வீட்டுப் பக்கம் வருவார்.

"சொல்லுங்க ஆச்சி. எப்ப வந்தீக?"

"வந்து ரெண்டு நாளாச்சு. வீட்டை ஓட்டலாக்குறாக, தெரியும்ல? எங்க அண்ணன் மகன் நாராயண்தான் முன்னின்னு செய்யிறான். இன்னைக்குக் கார்க் கொட்டகையைத் திறந்தாச்சு. அந்தப் பிரெஞ்சு வண்டியை வாங்க புதுச்சேரியில இருந்து ஒருத்தர் வந்திருக்காரு. ஒங்கப்பா நாகநாதன் சொகமா இருக்காரா?"

"இருக்காக ஆச்சி. நடமாட்டம் கம்மி. காதும் கேக்கலை."

"ஒரு ஆட்டோ வச்சுக் கூட்டியாந்திரேன். வண்டி போறதுக்குள்ள, பழைய டிரைவரைப் பக்கத்துல நிக்க வச்சுப் படம் எடுக்கணும்கிறான் நாராயண். ஓட்டல்ல மாட்டி வைக்கவாம்."

பொன்னுத்தாயிக்கு நெஞ்சு எரிந்தது. எந்த வண்டியால் அப்பாவின் பேர் கெட்டதோ, அதே வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, வருகிற போகிறவர்கள் பார்க்க மாட்டி வைக்க வேண்டுமாம். முடியாது என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்கு முடியாது என்று சொல்லிப் பழகாத வாய் அது. அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே அந்த வீட்டுச் செட்டியார் சொன்ன ஒரு வார்த்தைதான் பிள்ளையார் சுழி.

"நான் நேர்ல வாறேன் ஆச்சி," என்று மட்டும் சொன்னாள். நேரில் போய், அப்பா வர மாட்டார், இனி இப்படிக் கூப்பிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு. பள்ளிக்கூடம் இருக்கிற கோட்டையூரிலிருந்து பள்ளத்தூர் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

அந்த வண்டியின் கதையை நாகநாதனின் மகளுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதுச்சேரியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து செட்டியார் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. ரெனோ பதினாறு என்று பேர். அந்தப் பேரைச் சொல்ல ஊரில் ஒரு நாக்கும் வளையவில்லை. பின்கதவு வண்டி என்றே சொன்னார்கள். மற்றக் காருக்கெல்லாம் பின்னால் டிக்கி என்று தனியாக ஒரு பெட்டி துருத்திக்கொண்டிருக்க, இதற்குக் கண்ணாடியோடு சேர்ந்த ஒரு முழுக் கதவு மேலே தூக்கிக்கொண்டு திறந்தது. பின் சீட்டை மடக்கிவிட்டால் அரிசி மூட்டையும் ஏறும், சீர்ப் பாத்திரமும் ஏறும், முறுக்கு டின்களை ஆள் உயரத்துக்கு அடுக்கலாம். "கார் வாங்கச் சொன்னா செட்டியார் கதவு வச்ச அலமாரியை வாங்கியாந்துட்டாரு" என்று பங்காளிகள் கேலி பேசினார்கள். பேசியவர்களே தங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சாமான் ஏற்ற அதைத்தான் இரவல் கேட்டார்கள்.

ஸ்டியரிங் இடது பக்கம். அதை ஓட்ட ஊரில் எவனுக்கும் துணிச்சல் வரவில்லை, நாகநாதனைத் தவிர. கியர் கம்பி அம்பாசடரில் இருப்பதுபோல ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்ததால் கை தானாகப் பழகிக்கொண்டது என்பார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் வண்டி துடைக்கிற மஞ்சள் துணி. பொன்னுத்தாயிக்குச் சின்ன வயதில் அப்பா என்றால் அந்த மஞ்சள் துணிதான். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு துடைத்துவிட்டிருக்க மாட்டார்.

மெய்யம்மை ஆச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் என்று முடிவாயிற்று. வண்டி நிற்க ஓட்டுக் கொட்டகை போட்டுக் கொண்டிருந்தபோது தேவகோட்டை ஆசாரியை வரவழைத்தார் செட்டியார். நிலைக்கதவு முதல் நெல் பத்தாயம் வரை மனையடி பார்த்து அளவு வைக்கிற வீடு அது. ஓரடி கூடினால் குடும்பத்துக்கு ஆகாது, ஓரடி குறைந்தால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று கணக்குப் பார்த்தே கட்டிய சுவர்கள். கொட்டகைக்கு மனையடி பார்த்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே நிற்கப்போகிற வண்டிக்கும் அளவு பார்த்துவிடு என்று செட்டியார் சொன்னதில்தான் வினை வந்தது.

ஆசாரி முழக்கோலை வைத்து முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் அளந்தார். வலது பக்கம் அளந்தார், இடது பக்கம் அளந்தார். திரும்பவும் இடது பக்கம் அளந்தார். இடது பக்கம் நாலு விரற்கடை குறைந்தது.

கோணல் மனையில் குடியிருக்கக் கூடாது என்றால், கோணல் வண்டியில் மாப்பிள்ளை ஏறலாமா? செட்டியாருக்கு முகம் செத்துவிட்டது. சீமையில் செய்த வண்டி பிறக்கும்போதே கோணலாகவா பிறக்கும்? எவனோ இடித்திருக்கிறான். எவன்? வண்டியைத் தொடுகிறவன் ஒருத்தன்தானே.

முந்தின நாள்தான் நாகநாதன் திருச்சி விமான நிலையத்தில் விருந்தாளியைக் கூட்டிவரப் போய், விமானம் வராமல் வெறும் வண்டியோடு ராத்திரி தாமதமாகத் திரும்பியிருந்தார். திருமயம் பக்கத்தில் பஞ்சர் என்றார். பஞ்சர் ஒட்ட இம்புட்டு நேரமா என்றார்கள். இந்த டயருக்கு ஏத்த ஆள் கிடைக்கலை என்றார். எதில் இடித்தாய் என்றார்கள். எதிலும் இடிக்கலை என்றார். கீறல்கூட இல்லையே பாருங்கள் என்றார். பட்டறையில் கொடுத்து நீவி எடுத்துவிட்டாய் என்றார்கள். ஒன்றைச் சொன்னால் ஒன்றில் மாட்டினார். காரைக்குடிக்குப் போய்க் கொப்புடையம்மன் சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம்கூடச் செய்தார். சத்தியம் செய்தவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். விற்கவும் மனமில்லை, ஓட்டவும் பயம்.

அன்றிலிருந்து அவர் இடிச்சான் நாகநாதன். ஊரில் ஒருவனும் அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. அரிசி ஆலையில் காவல் இருந்தார், சிமெண்டுக் கடையில் மூட்டை எண்ணினார். பள்ளிக்கூடத்தில் பொன்னுத்தாயி ஓடும்போது எவன் மீதாவது மோதிவிட்டால் போதும், "இடிச்சான் மக இடிச்சுப்புட்டாடா" என்று வகுப்பே கத்தும். வீட்டுக்கு வந்து அழுவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இடிக்கலத்தா, சாமி சத்தியமா இடிக்கல" என்பார். அவள் தலையை ஆட்டுவாள். தினமும் சொல்வார், தினமும் ஆட்டுவாள். கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே சலித்துப் போனது. அளந்து பார்த்தது பொய்யா, நாலு விரற்கடை எங்கே போச்சு என்று அவளுக்கே உள்ளுக்குள் ஓடும். கேட்டதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும். பயிற்சிப் பள்ளி நிர்வாகத்தில் செட்டியார் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. யாரோ போய்ச் சொன்னதற்கு, "இடிச்சவன் இடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், பிள்ளைக்குச் சீட்டுக்கு நான் ஆச்சு" என்றாராம். மறுநாள் காலையில் அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளத்தூருக்குப் போனார். வளவு முற்றத்தில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"நான்தான் முதலாளி இடிச்சேன். திருமயம் பக்கத்துல. மன்னிச்சிருங்க."

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பொன்னுத்தாயிக்கு அந்த நிமிடம் உடம்பு கூசியது. பிறகு, சொன்னால் வெட்கம், மனசு லேசாகவும் ஆயிற்று. அப்பாடா, ஒருவழியாக உண்மையைச் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. சீட்டுக் கிடைத்தது. அதற்குப் பிறகு அப்பா அந்த வண்டியைப் பற்றிப் பேச்சே எடுத்ததில்லை. எப்படி எடுப்பார், அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்றே என்று அவளும் விட்டுவிட்டாள். இடித்தது பெரிதில்லை. அத்தனை வருடம் சின்னப் பிள்ளையிடம் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்தாரே என்பதுதான் ஆறவில்லை. அதை மனதின் ஒரு மூலையில் போட்டுவிட்டு அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை வாங்கினாள், காலுக்குத் தைலம் தேய்த்தாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

பள்ளத்தூர் வீட்டின் பின்கட்டில் வேலையாட்கள் சுவர் பூசிக்கொண்டிருந்தார்கள். கொட்டகை வாசலில் மெய்யம்மை ஆச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாடி வைத்த நாராயண்.

"வா பொன்னுத்தாயி. அப்பா எங்க?"

"வாங்க டீச்சர்," என்றான் நாராயண். அந்த வீட்டில் அவளை டீச்சர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.

"அப்பாவுக்கு முடியலை ஆச்சி. அது வந்து…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கொட்டகைக்குள் வண்டி நின்றது. எலி கடித்த சீட்டிலிருந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. நாலு டயரும் மண்ணோடு மண்ணாக ஒட்டிப் போயிருந்தன. இதுவா, இதற்காகவா என்று இருந்தது அவளுக்கு. பின்கதவு மட்டும் மேலே தூக்கி நின்றது, அன்றைக்குப் போலவே. அதற்கடியில் ஒரு ஆள் டார்ச் அடித்துக்கொண்டு தவழ்ந்துகொண்டிருந்தார்.

அவர்தான் புதுச்சேரி கோபிநாத். பழைய கார் என்றால் பைத்தியம் என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுந்து வந்து, சட்டையெல்லாம் ஒட்டடையோடு, கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாதாரண வண்டி இல்லைங்க இது. அறுபத்தஞ்சுல பிரான்ஸ்ல வந்துச்சு. அதுவரைக்கும் குடும்பக் கார்னா முன்னால ஒரு பெட்டி, நடுவுல ஒரு பெட்டி, பின்னால ஒரு பெட்டி, அவ்வளவுதான். பின்னால கதவு வச்சா அது சரக்கு வண்டின்னு நெனைச்சாங்க. இவன்தான் துணிஞ்சு குடும்பக் காருக்கு வச்சான். ஆபீசுக்கும் போகலாம், சீட்டை மடிச்சுட்டு கட்டிலும் ஏத்தலாம். முதல்ல பாத்துச் சிரிச்சாங்க. அடுத்த வருஷமே ஐரோப்பாவுல சிறந்த கார்னு பரிசு குடுத்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா இதே வழிக்கு வந்தான். இன்னிக்கு நம்ம ரோட்டுல ஓடுற சின்னக் காரு எத்தனைக்குப் பின்கதவு இருக்கு, பாருங்க. எல்லாம் இதோட வம்சம்னு சொல்லலாம்."

அவர் பேச்சில் இருந்த உற்சாகத்தைப் பார்க்கவே பொன்னுத்தாயிக்கு அலுப்பாக இருந்தது. உலகத்துக்கே கதவு திறந்த வண்டி, தன் வீட்டுக்கு மட்டும் கதவை அடைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மெய்யம்மை ஆச்சி தொண்டையைச் செருமினார். "இந்தாருங்க தம்பி, ஒண்ணை முன்னாடியே சொல்லிப்புடறேன். பிறகு மறைச்சுட்டோம்னு பேச்சு வரக்கூடாது. இது இடிச்ச வண்டி."

"இடிச்சதா? எங்கங்க?"

"இடது பக்கம். அளந்து பாருங்க. நாலு விரக்கடை கம்மியா இருக்கும். எங்க அப்பச்சி ஆசாரியை வச்சு அளந்து பார்த்தாக. அதனாலதான் என் கல்யாணத்துக்குக்கூட இதை எடுக்கலை." சொல்லும்போது ஆச்சியின் கண் பொன்னுத்தாயி பக்கம் வரவில்லை. பொன்னுத்தாயி தரையைப் பார்த்தாள். இதற்குத்தான் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்களா?

கோபிநாத் சிரித்தார். கொட்டகை அதிரச் சிரித்தார்.

"ஐயோ ஆச்சி! இந்த மாடல் எல்லா வண்டியும் அப்படித்தாங்க. கம்பெனியில செய்யும்போதே ஒரு பக்கம் கம்மி."

"என்ன சொல்றீக?"

"வாங்க, காட்டுறேன்." அவர் டார்ச்சைப் பின் சக்கரத்துக்கு அடியில் அடித்தார். நாராயண் குனிந்தான். பொன்னுத்தாயியும் சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். முழங்கால் வலியெல்லாம் அப்போது தெரியவில்லை. "பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கு கிடையாது. குறுக்கால ரெண்டு இரும்புத் தண்டு படுத்திருக்கு பாருங்க. அது முறுக்கிக்கிட்டு வண்டியைத் தாங்கும். ஒண்ணு இந்தச் சக்கரத்துக்கு, ஒண்ணு அந்தச் சக்கரத்துக்கு. ரெண்டும் ஒரே இடத்துல படுக்க முடியாதுல்ல? அதனால ஒண்ணை முன்னால படுக்கவச்சான், ஒண்ணைப் பின்னால படுக்கவச்சான். சக்கரமும் ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன. இடது பக்கம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். பாரிஸ்ல ஓடுனாலும் அப்படித்தான், பள்ளத்தூர்ல ஓடுனாலும் அப்படித்தான். எங்கிட்ட இதே மாடல் இன்னொண்ணு இருக்கு, வேணும்னா போன் பண்ணி அளக்கச் சொல்லட்டுமா?"

"அப்ப இடிக்கவே இல்லையா?" என்று கேட்டது பொன்னுத்தாயி. தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"இடிச்சா இந்தத் தண்டு வளைஞ்சிருக்கும்மா. பாடியில மடிப்பு விழுந்திருக்கும். இது துரு பிடிச்சிருக்கே ஒழிய, ஒரு அடிகூடப் படலை. ஓட்டுனவர் யாரோ, கண்ணுல வச்சு ஓட்டியிருக்காரு."

பொன்னுத்தாயி எழுந்திருக்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"சூப்பர் ஸ்டோரி அயித்தை!" என்றான் நாராயண். "மனையடி பார்த்து ஒரு காரையே ரிட்டயர் பண்ணியிருக்காங்க. போர்டுல எழுதி மாட்டிரலாம். கெஸ்ட் எல்லாம் ரசிப்பாங்க."

ஆச்சி அவனைக் கவனிக்கவில்லை. "முழக்கோல் பொய் சொல்லாதுல்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"கோல் பொய் சொல்லலை ஆச்சி," என்றாள் பொன்னுத்தாயி. "எங்கப்பாவும் சொல்லலை."

கோபிநாத்துக்கு ஏதோ ஏடாகூடமாக நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்து, டார்ச்சை அணைத்தார். ஆச்சி நெடுநேரம் கையிலிருந்த வளையலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரி, போனது போச்சு. அப்பச்சியும் போய்ச் சேர்ந்துட்டாக. நாகநாதனை நான் விசாரிச்சேன்னு சொல்லு."

"விசாரிச்சீகன்னு மட்டும் சொன்னாப் போதுமா ஆச்சி?" இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுனாக. நம்பலையே நீங்க யாரும். அத்தனை வருசம் கெஞ்சுனாகளே!"

ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, அவருக்கும் அலுப்புதான் தெரிந்தது.

"என்னை ஏன் கேக்குறே? அவருதானே ஒத்துக்கிட்டாரு? வளவுல விழுந்து, நான்தான் இடிச்சேன்னு அவரு வாயாலேயே சொன்னாருல்ல? நீயும் அங்கதான நின்னே. சொன்ன பிறகு நாங்க என்னன்னு நினைக்கிறது? நீ என்னன்னு நினைச்சே?"

சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு பொன்னுத்தாயி எழுந்தாள். படம் எடுக்க அப்பா வர மாட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஆச்சி கேட்டது காதிலேயே நின்றது. அந்த வளவில் விழுந்த உடம்பு கண்முன் வந்தது. இடிக்காத வண்டியை இடித்ததாகச் சொல்லித் தரையில் கிடந்தவர். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் மிரட்டியும் கெஞ்சியும் சொல்லாதவர், வேலை போனபோதும் சொல்லாதவர், மகளுக்கு ஒரு சீட்டு என்றதும் சொல்லிவிட்டார். மானத்தை விற்று வாங்கிய சீட்டு. அதில் படித்து, அதில் சம்பளம் வாங்கி, அந்த மனுஷனையே பொய்யர் என்று வைத்திருந்தோமே. கோட்டையூர் தாண்டியதும் அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அழுது முடித்ததும் ஆச்சரியமாக ஒரு சந்தோஷம் பிறந்தது. இன்னும் காலம் போய்விடவில்லையே. அப்பா இருக்கிறார். இன்றைக்கே, இந்தச் சாயங்காலமே சொல்லிவிடலாம். இதைக் கேட்டால் அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். வீட்டுக்குப் பக்கத்தில், செக்காலையில் இறங்கியதும் கடையில் காராச்சேவு வாங்கினாள். சீனி வியாதி இருக்கிற மனுஷனுக்கு இனிப்பு வாங்க முடியாது, இல்லையென்றால் அல்வாவே வாங்கியிருப்பாள்.

நாகநாதன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தம் வைப்பதில்லை. வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஊமைப் படமாக யார் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார்.

"அப்பா!" என்று காதருகில் குனிந்து கத்தினாள். "பள்ளத்தூர் போய்ட்டு வாறேன்! கொட்டகையைத் திறந்துட்டாக!"

"என்ன கொட்டகை?"

"கார்க் கொட்டகை! ஒங்க வண்டி!"

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னும் கெடக்காக்கும்?"

"புதுச்சேரியில இருந்து ஒருத்தர் வந்தாரு! வண்டியைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவரு! இடது பக்கம் கம்மியா இருக்குதுல்ல? அது செய்யும்போதே அப்படித்தானாம்! பிரான்ஸ்லயே அப்படித்தானாம்! எல்லா வண்டியும் அப்படித்தானாம்!" அவள் கத்தியதில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும், தெருவே கேட்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினாள். "நீங்க இடிக்கலைப்பா! ஒரு அடிகூடப் படலையாம்! கண்ணுல வச்சு ஓட்டியிருக்காருன்னு சொன்னாரு! மெய்யம்மை ஆச்சி முன்னாலயே சொன்னாருப்பா!"

நாகநாதன் வீங்கிய காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார். டிவியில் சண்டை முடிந்து விளம்பரம் ஓடியது.

"செய்யும்போதே அப்படியா," என்றார் மெதுவாக. "அதான பார்த்தேன். எனக்கும் அதுதான் ஓடும். நான் இடிக்கல, பிறகு எப்படிக் குறைஞ்சுச்சு, எப்படிக் குறைஞ்சுச்சுன்னு. சரி, இப்ப அதை யாருட்ட போய்ச் சொல்றது? செட்டியார் போயிட்டாக. ஆசாரி போயிட்டாரு. ஒங்கம்மாவும் போயிட்டா."

"எனக்குத் தெரிஞ்சிருச்சுல்லப்பா!" என்று கத்தினாள் பொன்னுத்தாயி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல!"

கிழவர் திரும்பினார். அவள் முகத்தை, ஈரக் கண்ணை, கையில் நசுங்கிய சேவுப் பொட்டலத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவள் எதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் முகம் மாறியது. பஸ்ஸில் அவள் நினைத்துப் பார்த்த மாற்றம் இல்லை அது.

"ஏத்தா," என்றார். "ஒனக்கு இன்னைக்குத்தான் தெரியுமாக்கும்?"

கையிலிருந்த பொட்டலத்தை அவள் ஸ்டூலில் வைத்தாள்.

"ஊரு நம்பலை. செட்டியார் நம்பலை. அது கெடக்கட்டும். ஒனக்குத் தெரியும்னுல்ல நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன்? அன்னைக்கு அங்க விழுந்து எந்திரிச்சு வரும்போதுகூட, எம் பிள்ளைக்குத் தெரியும், அது போதும்னுல்ல வந்தேன்? அப்ப இத்தனை வருசமும் நீயும் நம்பலையாத்தா?"

நம்பினேன் என்று சொல்லிவிடலாம். மெதுவான குரலில், தலையைக் குனிந்துகொண்டு சொல்கிற பொய் எத்தனையோ அவள் சொல்லியிருக்கிறாள். ஆனால் இவருக்கு எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். காதருகில் போய், தெருவுக்குக் கேட்கிற மாதிரி, நம்பினேன்ப்பா என்று கத்த வேண்டும். அவளால் முடியவில்லை.

அவர் அவள் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை. பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உலையை வையி," என்றார். "நீயும் பாவம், அலுத்துப் போயி வந்திருப்பே."